இசை அலாரம் செயலிக்கு வங்கி அட்டை விபரத்தைக் கொடுக்குமுன்

இசையால் உறங்கவைத்து இசையாலேயே எழுப்புவதாக விளம்பரம் செய்யும் ஓர் அலாரம் செயலி, இலவச வாரத்திலேயே வேலை செய்யாமற்போனதையும், அதன் பிறகும் ஒரு வருடச் சந்தாவை என் வங்கிக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டதையும் இங்கே பதிவு செய்கிறேன். இதே முறையில் இயங்கும் செயலிகள் இன்னும் பல இருப்பதால், பெயரைவிட முறையை விளக்குவதே பயன் தரும் என்று நினைக்கிறேன்.

என் வீடு கல்லடியில், வேலை அக்கரைப்பற்றில். காலை பஸ் தவறினால் கையொப்பப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும் என்பதால் அலாரம் எனக்கு ஆடம்பரமன்று. அலறும் ஒலியைவிட மெட்டுள்ள ஒலியில் எழுவது நல்லது என்ற எண்ணத்துக்கு ஓரளவு ஆதாரமும் உண்டு: மெல்பேர்ணின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மெட்டுள்ள அலாரத்துக்கு எழுந்தவர்கள் விழித்த பின் குறைவான மந்தத்தையே உணர்ந்ததாகக் கூறியிருந்தார்கள். ஆனால் அதற்குக் காசு கொடுத்து வாங்கும் செயலிதான் வேண்டும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

செயலி முதலில் வங்கி அட்டை விபரத்தைக் கேட்டது. பிறகு, கைபேசியை மெத்தையின் ஓரத்தில் வைத்தால் உறக்கத்தின் நிலைகளைக் கண்டறிந்து, இலேசான உறக்கத்தில் இருக்கும்போது எழுப்புவதாக உறுதியளித்தது. அந்த வாரத்தில் ஓர் இரவு மின்சாரம் தடைப்பட, புழுக்கம் தாங்காமல் கைபேசியைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு நெடுநேரம் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். காலையில் பார்த்தால், நான் கொசு அடித்துக்கொண்டிருந்த அந்த மணித்தியாலங்கள் முழுவதும் ‘ஆழ்ந்த உறக்கம்’ என்று அழகான நீல நிறத்தில் வரையப்பட்டிருந்தது. உறக்க நிலைகளை முறையாக அறிவதற்கு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். அசைவை மட்டும் உணரும் கருவிக்கு, அசையாத மெத்தையும் ஆழ்ந்து உறங்கும் மனிதனும் ஒன்றுதான்.

படம் பொய்யென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அலாரம் ஒலிக்காமற்போனதுதான் கெடுதி. அந்தச் செயலி பாட்டைக் கைபேசியில் சேமித்து வைக்காமல் இணையத்திலிருந்தே எடுத்து ஒலிக்கவிடுகிறது; எனவே டேட்டா முடிந்தாலோ சிக்னல் விழுந்தாலோ பாட்டும் இல்லை, அதற்குப் பதிலாக ஒரு மணியோசையும் இல்லை. இதைவிட, மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பயன்படாத செயலிகளை ஒடுக்கிவைக்கும் வழக்கம் ஆண்ட்ராய்டில் 2015 முதல் இருக்கிறது. குறித்த நிமிடத்தில் ஒலிப்பதற்கென ஆண்ட்ராய்டு 12 இல் தனி அனுமதியும் கொண்டுவரப்பட்டது. 14 இல் புதிதாக நிறுவப்படும் பல செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. இவற்றைக் கேட்டுப் பெறவேண்டிய செயலி, என்னிடம் அட்டை விபரத்தை மட்டுமே கேட்டது. காத்தான்குடியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, “நோன்புக்குள்ள சஹருக்கு எழும்ப நானும் அதத்தான் வச்சன் மச்சான், சுபஹு பாங்கு கேட்டுத்தான் முழிச்ச” என்றார்; அதாவது, விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவு அவருக்குத் தவறிவிட்டது.

இலவச வாரம் முடியுமுன்பே செயலிக்குள் இருந்த ‘கணக்கை நீக்கு’ என்பதை அழுத்தினேன்; நீக்கப்பட்டதாக மின்னஞ்சலும் வந்தது. ஆனால் அதனால் சந்தா நிற்பதில்லை என்பதை அவர்கள் எந்த இடத்திலும் தெரிவிக்கவில்லை. வாரம் முடிந்ததும் பணம் கழிக்கப்பட்டதாக வங்கியின் குறுந்தகவல் வந்தது. டொலரில் குறித்த விலை ரூபாவுக்கு மாறியபோது, ஒரு நல்ல மணிக்கூடும் வாங்கி மீதியும் வைத்திருக்கக்கூடிய தொகையாக இருந்தது. உடனே எழுதினேன். மூன்று வேலை நாட்களுக்குள் பதிலளிப்பதாகவும் அதுவரை வேறெங்கும் முறையிட வேண்டாம் என்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பணிவின் பொருள் பிறகுதான் புரிந்தது: ப்ளே ஸ்டோரில் நேரடியாகப் பணத்தை மீளக்கோருவதற்குரிய 48 மணித்தியாலங்கள் அதற்குள் கடந்துவிட்டன. பின்னர் வந்த பதில், ‘எமது கொள்கைப்படி மீளளிப்பு இல்லை’ என்ற ஒற்றை வரி.

இப்படிப்பட்ட செயலி உங்கள் கைபேசியில் இருந்தால், அதை அழிப்பதாலோ கணக்கை நீக்குவதாலோ கட்டணம் நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள் சென்று, சந்தாவை அங்கேயே இரத்துச் செய்யுங்கள்; இரத்தானதாகக் காட்டும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டதென்றால் நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திராமல் முதல் நாளே அங்கு மீளக்கோருங்கள். இசையில் எழ விரும்புபவர்களுக்கு, கைபேசியோடு வரும் மணிக்கூட்டுச் செயலியே பெரும்பாலும் போதும். சேமித்துவைத்த பாட்டொன்றை அதில் அலாரமாகத் தெரிவு செய்யலாம், அதற்குக் காசும் இல்லை, டேட்டாவும் வேண்டியதில்லை. நான் இப்போது ஒரு நாதஸ்வரப் பதிவை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டார்தான் சற்றுக் குறைபட்டுக்கொள்கிறார்கள்.