பதினோரு வருட மஸ்டாங்: கால் மைலில் முதல் 60 அடி

என் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. பஸ் டிக்கெட்டை விடக் கொஞ்சம் நீளமான துண்டுக் காகிதங்கள். டிராக் ரேஸ், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயம், ஓடி முடித்துத் திரும்பும் பாதையில் ஒரு சின்னக் கூண்டு இருக்கும். ஓடிய நேரமும் வேகமும் அச்சடித்த இந்தச் சீட்டை அதிலிருந்து கையை நீட்டிக் கொடுப்பார்கள். முதல் சீட்டு 2014 அக்டோபரில் வாங்கியது: 14.62 விநாடி, முடிவில் மணிக்கு 95 மைல். இதுவரை வந்ததில் நல்ல சீட்டு 11.94 விநாடி, 113 மைல். இடையில் குறைந்த இரண்டரைச் சொச்சம் விநாடிக்கு நான் கொடுத்தது ஒன்பது வருடமும், வண்டி வாங்கிய விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பணமும். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு, அந்தப் பணத்தில் எது உருப்படியாகப் போனது, எது வீணாய்ப் போனது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

வண்டி 1988 ஃபோர்டு மஸ்டாங் எல்எக்ஸ் 5.0. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு, அமெரிக்கர்கள் போனி கார் என்பார்கள். 1979 முதல் 1993 வரை வந்த, ஃபாக்ஸ் பாடி எனப்படும் பெட்டி வடிவத் தலைமுறை. என்னுடையது டிக்கி தனியாகப் படி மாதிரி இறங்கும் நாட்ச்பேக். ஹேட்ச்பேக்கை விட எடை குறைவு, பாடியும் விறைப்பு. அதனால் டிராக் ஓடுபவர்கள் இதைத்தான் தேடுவார்கள். அந்தக் காலத்தில் நெடுஞ்சாலைப் போலீஸும் இதைத்தான் வாங்கியது. 5.0 என்று பெயர் இருந்தாலும் உண்மையில் 4,942 சிசி. பள்ளிக்கூடக் கணக்குப்படி 4.9 என்றுதான் எழுதியிருக்க வேண்டும். எட்டு சிலிண்டர், 225 குதிரைத்திறன், ஐந்து கியர். 7,500 டாலருக்கு வாங்கினேன். டெக்சாஸ் வெயிலில் கூரை பெயின்ட் வெளுத்துப்போய், டேஷ்போர்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. எஞ்சின் மட்டும் சத்தமில்லாமல் ஓடியது.

ஓட்டுவது பெரும்பாலும் எனிஸில். டல்லாஸுக்குத் தெற்கே முக்கால் மணி நேரம். 1986-இல் பில்லி மேயர் கட்டிய டெக்சாஸ் மோட்டார்ப்ளெக்ஸ், கால் மைலும் கான்கிரீட். யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் இரவுகள் அங்கே உண்டு. பணம் கட்டி, பரிசோதனை முடித்து, கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எண் எழுதிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

முதலில் செய்த மாற்றத்துக்குச் செலவே இல்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, 10 டிகிரியில் இருந்த டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, 14-க்குத் திருப்புவது. அதற்கு முன் ஸ்பௌட் என்ற சின்னப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு டைமிங்கை நகர்த்திக்கொண்டே இருக்கும். முடிந்ததும் மறக்காமல் திரும்பச் செருக வேண்டும். நான் மறந்தேன். ஒரு வாரம் வண்டி ஏற்றத்தில் மாட்டுவண்டி போல முக்கியது, டைமிங்கைக் கூட்டியதே தப்போ என்று பயந்துபோனேன்.

அடுத்து, எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். எஞ்சின் புகை எளிதாக வெளியேற ஹெடர் குழாய், பெரிய சைலன்சர் குழாய், ஏர் ஃபில்டர். சத்தம் அருமையாக வந்தது. 1,400 டாலர் போனது. சீட்டைப் பார்த்தால் 14.58. நூறில் நான்கு பங்கு விநாடிதான் மிச்சம்.

அன்று ராத்திரி இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முடிவு வேகம் 95-இலிருந்து 98 ஆகியிருந்தது. ஆக, எஞ்சினில் பலம் கூடியது உண்மை. ஆனால் மேலே, நான் அதுவரை கண்டுகொள்ளாத ஒரு வரி: 60 அடி. கோட்டிலிருந்து முதல் 60 அடியைக் கடக்க ஆகும் நேரம். பழைய சீட்டில் 2.21, புதியதில் 2.38. கூடிய பலம் முழுவதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வதில் கரைந்திருந்தது. முதல் 60 அடியில் பத்தில் ஒரு பங்கு விநாடி இழந்தால் கால் மைல் முடிவில் அது ஒன்றரை, இரண்டு பங்காகத் திரும்பி வரும். பலத்துக்குச் செலவழித்து, பிடிப்புக்குப் பைசா வைக்காமல் விட்டிருக்கிறேன். இந்தப் பாடம் இலவசமாக எல்லா இடத்திலும் எழுதிக் கிடக்கிறது. 1,400 டாலர் கட்டித்தான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு இரண்டு வருடம் எஞ்சினைத் தொடவில்லை. பின்னால் டிராக் ரேடியல் டயர், பின் அச்சைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கன்ட்ரோல் ஆர்ம், அடியில் முன்னும் பின்னும் இணைக்கும் இரும்புச் சட்டம், பின் அச்சில் 2.73-க்குப் பதில் 3.73 விகிதக் கிரவுன் பினியன் பல்சக்கரம். டிராக் ரேடியல் பார்க்கச் சாதாரண டயர்தான், ரப்பர் மட்டும் மிருது. காற்றை 17 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, தண்ணீர் தெளித்த இடத்தில் நனைத்து, கொஞ்சம் முன்னால் வந்து சுழற்றிப் புகைய வைத்தால் டயர் சூடேறிப் பசை பிடிக்கும். கையை வைத்தால் விரல் ஒட்டும். கோட்டில் க்ளட்ச்சை விட்டதும் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் உட்கார்ந்து, தலை சீட்டில் போய் இடித்தது. 60 அடி 1.88. மொத்தம் 13.66. எஞ்சினில் ஒரு போல்ட் கூடத் திருகாமல் ஏறக்குறைய ஒரு விநாடி குறைந்தது.

கிரவுன் பினியனை மட்டும் வெளியில் கொடுத்து மாட்டினேன். ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியைச் சரியாக வைக்கவில்லை. 60 மைல் வேகத்தில் ஈ ரீங்காரம் போல ஆரம்பித்து, ஆறு மாதத்தில் சங்கு ஊதுவது போல ஆனது. மறுபடி பணம் கொடுத்து வேறு ஆளிடம் பிரித்துச் சரிசெய்தேன். அதே தடவையில் ஆக்ஸில் இரண்டையும் 28 பல்லிலிருந்து 31 பல்லுக்கு மாற்றிக்கொண்டேன். இந்த வேலையைப் புதிதாகக் கொடுப்பவர்கள், மூடியைப் போடுவதற்கு முன் பல்லில் மஞ்சள் பசை தடவி அச்சு எடுத்த போட்டோ கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிடிப்பு வந்தால் அதன் சுமை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். 2017-இல் எண்ணெய் மாற்றப் படுத்தவன் டார்ச்சைத் திருப்பிப் பார்த்தேன். இடது பின் கன்ட்ரோல் ஆர்ம் மாட்டும் தகடு, டார்க் பாக்ஸ் என்பார்கள், அதன் விளிம்பில் ஸ்பாட் வெல்டிலிருந்து ஸ்பாட் வெல்டுக்குத் தலைமுடி போல ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டியது. கிழிசல். முப்பது வயது மெல்லிய தகட்டில் நான் கொடுத்த அடி. உள்ளே சீட், கார்ப்பெட் எல்லாம் எடுத்து, மேலும் கீழும் தடித்த தகடு வைத்து வெல்ட் அடித்தோம். ஃபாக்ஸ் பாடி வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்க வேண்டாம், முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

அந்த வருடம்தான் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் சைக்கிளில் போய்ப் பார்த்தவர். ஆசையாகக் கூட்டிப்போனேன். நான் ஓடிவிட்டு வந்ததும் சீட்டை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதாம்பா.”

“இதுக்காடா ஒண்ணரை மணி நேரம் வரிசையில நின்ன? திரும்புறதுக்கு ஒரு வளைவு கூட இல்லையே.”

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஓட்டத்துக்கு முன் டயர் காற்றை அவரேதான் அளந்து பார்த்தார்.

2018-இல் எஞ்சினுக்கு வந்தேன். அலுமினிய சிலிண்டர் ஹெட், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டில் பெரியது, காற்று உள்ளே போகும் புதிய இன்டேக். இங்கேயும் வரிசை தப்பினேன். 1988-இல் கலிபோர்னியாவுக்குப் போன வண்டிகளைத் தவிர மற்றவற்றில் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுவது ஸ்பீட் டென்சிட்டி முறையில்தான். உள்ளே போகும் காற்றை அளக்கவே அளக்காது. காற்று நுழையும் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தையும் எஞ்சின் சுற்றையும் பார்த்து ஊகிக்கும். பெரிய கேம் போட்டால் அந்த அழுத்தம் மாறிவிடும், ஊகம் தப்பும். சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் 500-க்கும் 1,300-க்கும் இடையே ஊஞ்சல் ஆடியது, இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை அணைந்தது. 1989 முதல் எல்லா 5.0-விலும் வந்த மாஸ் ஏர் முறைக்கு மாற்றினேன்: காற்றை நேராக அளக்கும் மீட்டர், அதற்கேற்ற கம்ப்யூட்டர், நான்கு ஒயர். முள் அடங்கியது. 12.31, 111 மைல். முதலிலேயே 1989-க்குப் பிந்தைய வண்டியை வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. விலை வித்தியாசம் அன்று 800 டாலர். மாற்றியதற்கும் அவ்வளவே ஆனது.

கியர்பாக்ஸ் கதை சுருக்கமானது. அந்த வருட டி-5 பெட்டிக்குக் கணக்கு வைத்திருந்த முறுக்குவிசை 265 பவுண்டு-அடி. புதிதாக இருந்தபோதே எஞ்சின் 300 கொடுத்தது. நான் அதற்கு மேலும் ஏற்றி, பசை டயர் போட்டு, க்ளட்ச்சை உதைத்து விட்டேன். 2019-இல் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளியபோது பையில் சில்லறையைக் குலுக்கிய சத்தம். மூன்றாம் கியரின் பற்கள் எண்ணெயோடு வெளியே வந்தன. தப்பு என்னுடையதுதான், பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய டி-5 ஒன்றை மாட்டி மெதுவாக ஓட்டிவந்து, 2022-இல் ட்ரெமெக் டிகேஎக்ஸ் என்ற பலமான கியர்பாக்ஸ் போட்டேன். வாங்கியதிலேயே விலை கூடியதும் இதுதான், வாங்கிய பிறகு நினைக்கவே வைக்காததும் இதுதான்.

ரோட்டில் எப்படி? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். 70 மைல் வேகத்தில் 1,700 சுற்றில் ஓடிய எஞ்சின் 3.73-க்குப் பிறகு 2,300-இல் ஓடுகிறது. ஹூஸ்டன் போய் இறங்கினால் காதுக்குள் அது இன்னொரு மணி நேரம் ஓடும். ஒரு காலனுக்கு 22 மைல் கொடுத்தது 15-க்கு வந்துவிட்டது. முன்பக்கம் நன்றாகத் தூக்க வேண்டும் என்று வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் முன் ஸ்டெபிலைசர் கம்பியைக் கழற்றி வைத்திருந்தேன். ஒருநாள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் வண்டி படகு போலச் சாய்ந்து பக்கத்து லேனை எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திரும்ப மாட்டினேன். ஏசியைக் கழற்றவே இல்லை. எடை 20 கிலோவுக்கு மேல் குறையும் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஜூலை மாதம் டல்லாஸில் அவர்களே என் வண்டியில் ஏறுகிறார்கள்.

வயதுக்குரிய கோளாறுகள் தனி. க்ளட்ச் பெடலுக்கு மேலே கேபிளை இழுக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று உண்டு. பலமான க்ளட்ச் போட்டதும் சிக்னலில் நிற்கையில் அது உடைந்து பெடல் தரையோடு போய்விட்டது. அலுமினியத்தில் கிடைக்கிறது, க்ளட்ச் மாற்றும்போதே மாற்றிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒட்டியிருக்கும் இக்னிஷன் மாட்யூல் சூடேறினால் எஞ்சினை அணைத்துவிடும், அரை மணி ஆறினால் ஒன்றும் தெரியாதது போல ஸ்டார்ட் ஆகும். ஒரு மாட்யூலும், அதைக் கழற்றத் தேவையான 5.5 மில்லிமீட்டர் மெல்லிய சாக்கெட்டும் கிளவ் பாக்ஸிலேயே இருக்கட்டும். மாட்யூல் எந்தக் கடையிலும் கிடைக்கும், அந்த சாக்கெட் அவசரத்துக்கு யாரிடமும் இருக்காது.

2023 நவம்பரில் ஒரு குளிர்ந்த இரவு. காற்று கனமாக இருந்தது. அதே வண்டி ஜூலையில் ஓடுவதை விடக் குறைந்தது பத்தில் மூன்று பங்கு விநாடி வேகமாக ஓடும் வானிலை. 60 அடி 1.59. மொத்தம் 11.94.

இதற்கு மேல் விதிகள் குறுக்கே வருகின்றன. டிராக் ரேஸை நடத்தும் அமெரிக்க அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி 13.99-க்குக் கீழே ஹெல்மெட் வேண்டும், அது எப்போதோ வாங்கியாயிற்று. 11.49-க்கு வந்தால், வண்டி உருண்டால் காக்கும் ரோல் பார் சட்டம், க்ளட்ச் வெடித்தாலும் சிதறாத பெல் ஹவுசிங் கூடு, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டுக்கு வளையம். வளையத்தை மட்டும் முன்கூட்டியே மாட்டிவிட்டேன், டிரைவ் ஷாஃப்ட் வயிற்றுக்கு அடியில் சுற்றும் இரும்பு. ரோல் பார் போட்டால் பின்சீட்டுக்கு ஏறி இறங்குவது பெரும்பாடு. அந்தப் பின்சீட்டில்தான் மகள் வாரம் ஒருமுறை பாட்டு வகுப்புக்குப் போகிறாள்.

அதனால் 11.50-க்கு மேலேயே நிற்பது என்று முடிவு. கேரேஜில் அட்டைப்பெட்டியோடு, எஞ்சினுக்குள் காஸ் செலுத்திப் பலம் கூட்டும் ஒரு நைட்ரஸ் கிட் இருக்கிறது, போன வருடம் தள்ளுபடியில் வாங்கினேன். மனைவி இரண்டு முறை அது என்ன என்று கேட்டுவிட்டாள். ஏசி காஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.