மட்டக்களப்பு – கல்முனை வீதி: ஏழு வருஷ ஓட்டம்

நேற்றுத்தான் களுவாஞ்சிகுடியில் முன் ரிம்மை மாற்றினேன். மெக்கானிக் தம்பி சில்லைக் கழற்றாமலே கேட்டார்: "மாடா, நெல்லா அண்ணே?" மாடு என்றேன். "அப்ப ஃபோர்க்கையும் பார்க்கணும்."

கல்முனைக்கு இடமாற்றம் கிடைத்த மச்சான் ஒருத்தன், மட்டக்களப்பு டவுனில் இருந்தபடியே போய்வரலாமா என்று கேட்டிருந்தான். ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஏழு வருஷமாக மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவன் சொல்கிறேன்.

வீதியைக் குறை சொல்ல முடியாது. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் எல்லாம் சுற்றி மட்டக்களப்பில் முடிகிற அதே ஏ4தான். நல்ல காப்பெற். கல்லடியில் 2013இல் புதுப்பாலம் திறக்கும்வரை, 1924இல் கட்டிய ஒற்றைத் தடப் பாலத்தில் எதிர்ப்பக்கம் வந்து முடியட்டும் என்று பஸ்ஸுக்குள் வெந்துகொண்டு இருந்தது ஞாபகமிருக்கும். இப்போது விடியக்காலை அந்த வாவிக் காற்றுக்காகவே ஐந்து நிமிஷம் முந்தி வெளிக்கிடுகிறேன்.

காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்ச மரங்கள் அழகுதான். பள்ளிக்கூட நேரத்தில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகலாம், அவ்வளவு வேகம். ஆரையம்பதி தாண்டினால் சரி.

என் கோபமெல்லாம் இரவில்தான். பெரும்போகத்துக்கு வயலெல்லாம் விதைத்ததும் மாடுகளுக்குப் போக்கிடமில்லை. மழையில் நிலம் ஊறிக் கிடக்கும், தாரில்தான் கொஞ்சம் காய்ந்த இடம். நடுவீதியில் குடும்பமாகப் படுத்து அசைபோடும். ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் ஆட்டும். எதிரே வருகிற பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடிக்கிற அந்த இரண்டு செக்கனில், முன்னால் கறுப்பாகக் கிடப்பது தாரா, மாட்டு முதுகா என்று தெரியாது. கோட்டைக்கல்லாறில் எனக்குத் தெரிந்தபோது பிந்திவிட்டது. மாடு எழும்பிப் போய்விட்டது, நான்தான் கிடந்தேன். குறி சுட்ட மாடுதான். ஆனாலும் அன்றிரவு அதற்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை.

அறுவடை முடிந்தால் நெல். படங்கு விரித்து, ஓரத்துக்குக் கல் வைத்து, அரை வீதி போய்விடும். மழை இருட்டினால் படங்கைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். அதையும் திட்டுவேன், வாய்க்குள்தான். மாமாவின் நெல்லும் அதில் காய்கிறதே.

ஆகவே மச்சான், யோசிக்காதே, கல்முனையிலேயே வீடு பார்.

எனக்கும் போன மாதம் அங்கே ஒரு வீடு வந்தது, கந்தோருக்கு நடை தூரம். வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் என்று வீட்டில் கேட்டா. வாடகை கூட என்று சொல்லிவைத்தேன்.