ஜிஷோ இணைய அகராதி: பூனையின் கையைத் தேடியபோது

ஜப்பானிய மொழியில் ‘ஜிஷோ’ என்றாலே அகராதி என்றுதான் பொருள். அப்பெயரையே தாங்கிய இந்த இணைய அகராதியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன் என்றாலும், ஒசாகாவில் பணிபுரியும் தோழி டிசம்பரில் கைப்பட எழுதிய கடிதத்தில், வாசிக்கவே தெரியாத தொடர் ஒன்று குறுக்கிட்டபோதுதான் அதன் அருமையை முழுமையாக உணர்ந்தேன்.

ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகளான கான்ஜியில், ஒலிப்புத் தெரியாத எழுத்தைத் தட்டச்சு செய்து தேட இயலாது. ஆனால் ஜிஷோவில் எழுத்தின் உறுப்புகளைக் கொண்டே தேடலாம். முதல் எழுத்தின் இடப்பக்கம் விலங்கைக் குறிக்கும் உறுப்பு. வலப்பக்கம் மேலே புல், கீழே வயல். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க, திரையில் இருந்த எழுத்துகள் குறைந்துகொண்டே வந்து, 11 கோடுகள் கொண்ட ‘நெகோ’, அதாவது பூனை, கிடைத்தது. அடுத்தது 4 கோடுகளாலான ‘தே’, கை. இறுதியில் நின்ற ‘கரிதாய்’, இரவல் வாங்குதலைக் குறிக்கும் ‘கரிரு’ என்ற வினையின் விருப்ப வடிவம் என்று அகராதியே இனங்காட்டியது. வினைகளின் திரிபுகளில் தடுமாறும் தொடக்கநிலை மாணவர்களுக்கு இந்த ஒரு வசதியே பெருந்துணை.

‘நெகோ நோ தே மோ கரிதாய்’ என்று முழுத்தொடரையும் இட்டுத் தேடியதும், தாங்க முடியாத வேலை நெருக்கடி என்ற பொருள் ஆங்கிலத்தில் கிடைத்தது. பொருள் சரியே. ஆயினும் தொடரின் கட்டமைப்பு தமிழில்தான் தெளிவாகப் புலப்படுகிறது. ‘நோ’ நம் ‘இன்’; ‘மோ’ நம் ‘உம்’. ‘யார்’ எனப் பொருள்படும் ‘தாரெ’ என்பதோடு ‘மோ’ சேர்ந்தால் ‘யாரும் வரவில்லை’ என்பதில் வரும் ‘யாரும்’. ‘கா’ சேர்ந்தால் ‘யாரோ’. ஆகவே சொல்வரிசையைக்கூட மாற்றாமல், ‘பூனையின் கையையும் இரவல் வாங்க வேண்டும்’ என்று பெயர்த்துவிடலாம். ‘கையையாவது’ என்பது இன்னும் பொருந்தும் என்பது என் கருத்து. கை உதவியைக் குறிப்பதும் நமக்குப் புதிதன்று. நாம் ‘கைகொடு’ என்கிறோம். ஜப்பானியர் ஆள் பற்றாக்குறையை ‘ஹிதோதே புசோகு’, அதாவது மனிதக் கைகளின் குறைவு, என்கின்றனர்.

ஜிஷோவின் சொற்களஞ்சியத்துக்கு அடித்தளம், ஆஸ்திரேலியாவின் ஜிம் பிரீன் 1991-இல் தொடங்கிய மின்னகராதித் திட்டம். அந்த உழைப்பின் பயனைக் கட்டணமோ பதிவோ இன்றி எவரும் பெற முடிவது போற்றத்தக்கது.

ஒன்றை மட்டும் பொருள் விளக்கத்திலிருந்து அறிய முடியாது. உதவ வருபவரிடமே இத்தொடரைச் சொன்னால், அவரைப் பூனைக்கு ஒப்பிட்டதாகிவிடும். எனவே பெரியவர்களிடம் இதைத் தவிர்ப்பார்கள். இத்தகைய வழக்குகளுக்கு ஜப்பானியர் தம்மவர்க்காக எழுதிய பழமொழி அகராதியையும் புரட்ட வேண்டும். தோழி தன் கடை நிலவரத்தைத்தான் அப்படி எழுதியிருந்தாள். ஆண்டிறுதி விற்பனையில் அவளுக்கு உண்ணவும் நேரமில்லையாம்.