ஹமாத் திபேரியா தேசியப் பூங்கா: தொழுகைக்கூடத் தரையில் ஒரு சூரிய தேவன்

கிறித்தவ யாத்திரிகர் கலிலேயாக் கடலில் படகேறவும், யூத யாத்திரிகர் தங்கள் சமய அறிஞர்களான மைமோனிடீஸ், ரப்பி மேயிர் ஆகியோரின் கல்லறைகளில் வேண்டிக்கொள்ளவும் இஸ்ரேலின் திபேரியாவுக்கு வருகிறார்கள். நகருக்குத் தெற்கே, ஏரிக்கரைச் சாலையோரம் உள்ள இந்தச் சிறிய தொல்லியல் பூங்காவை அவர்களில் பலர் கடந்து போய்விடுகிறார்கள். எருசலேம், எப்ரோன், சாபெத் ஆகியவற்றோடு யூதரின் நான்கு புனித நகரங்களுள் ஒன்றாக எண்ணப்படும் திபேரியாவின் பழமையை அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

ஹமாத், திபேரியா நகரைவிட மூத்தது. யோசுவாவின் புத்தகம் நப்தலி கோத்திரத்தாரின் அரணான பட்டணங்களுள் ஒன்றாக, அம்மாத் என்ற பெயரில், இதைச் சொல்கிறது. கி.பி. 20ஆம் ஆண்டையொட்டி கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா இதன் வடக்கே புது நகர் ஒன்றை எழுப்பி, ரோமப் பேரரசன் திபேரியு ராயனின் பெயரைச் சூட்டினான். பழைய கல்லறைகளின்மேல் கட்டப்பட்டதால் தீட்டுப்பட்டது என்று பக்தியுள்ள யூதர் அங்கே குடியேறத் தயங்கியதாகவும், ஆட்களை வலிந்து குடியமர்த்த வேண்டியிருந்ததாகவும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அப்படித் தொடங்கிய ஊரில்தான், எருசலேம் அழிந்தபின், சன்ஹெத்ரின் என்னும் யூதரின் உயர் ஆலோசனைச் சங்கம் வந்து அமர்ந்தது. யூதச் சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான எருசலேம் தல்மூத் பெருமளவு உருப்பெற்றதும் இங்கேதான்.

பூங்காவின் உயிர், கூரையிட்டுப் பாதுகாக்கப்படும் நான்காம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடத்தின் மொசைக் தரை. 1920-21இல் நஹூம் ஸ்லௌஷ் இப்பகுதியில் அகழ்ந்தபோது சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய ஏழு கிளை விளக்குத்தண்டு கிடைத்தது. அது இப்போது எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொசைக்கை 1961-63இல் வெளிக்கொணர்ந்தவர் மோஷே தோத்தான். மேற்பகுதியில் யூதரின் திருச்சட்டச் சுருள்களுக்குரிய மாடமும் இரு விளக்குத்தண்டுகளும், நடுவில் பன்னிரு ராசி வட்டமும், கீழே சிங்கங்கள் காவலிருக்கும் கிரேக்கக் கல்வெட்டுகளும் அமைந்துள்ளன. ராசி வட்டத்தின் மையத்தில், கதிர்முடி சூடி, கையில் உலக உருண்டையும் சாட்டையும் ஏந்தியிருப்பவன் கிரேக்கரின் சூரிய தேவனாகிய ஹீலியோஸ்.

உருவ வழிபாட்டை விலக்கும் சமயத்தின் தொழுகையிடத்தில் இவனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு அறிஞரிடையே ஒரே விடை இல்லை. ஊராரின் அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கொடையாளிகளுள் ஒருவனான செவெரஸ், யூதரின் தலைவர்களான 'மேன்மைமிகு குலபதிகளின்' வளர்ப்புப் பிள்ளை என்று கல்வெட்டே கூறுகிறது. அதாவது, தல்மூத் அறிஞர்களின் ஊரில், சமயத் தலைமையின் வீட்டோடு தொடர்புடைய ஒருவனே இத்தரைக்குப் பொருள் தந்திருக்கிறான். ராசிகளின் பெயர்கள் எபிரெயத்தில் இருந்தாலும், கும்ப ராசியின் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி அமைந்திருக்கிறது. கல் பதித்தவருக்கு அம்மொழி தெரிந்திருக்காது போலும்! தராசேந்திய துலாமையும் இரட்டை மீன்களையும் நம் பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்கள் எவர் உதவியுமின்றி அடையாளம் காணலாம்.

பின்னாளில் எழுந்த தொழுகைக்கூடத்தின் சுவரொன்று இவ்வட்டத்தின் குறுக்கே ஓடி, படத்தின் ஒரு பகுதியை அழித்துவிட்டது. அழகுக்கு அது குறைதான். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட கூடங்களின் கால வரிசையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. 2012இல் விஷமிகள் இத்தரையைச் சேதப்படுத்தியதும் இதன் வரலாற்றில் சேர்ந்துவிட்டது.

ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் பாயும் ஊற்றுகளையும் உஸ்மானியர் காலக் குளியல் மண்டபத்தையும் சிறிது நேரத்தில் பார்த்துவிடலாம். கடல்மட்டத்துக்கு 200 மீட்டர் கீழே இருப்பதால் கோடையில் புழுக்கம் கடுமையாக இருக்கும். காலையிலேயே செல்வது நல்லது. நேரமிருப்பவர்கள் பெத்ஷெயான் பக்கம் செல்லும்போது, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெத் அல்பா தொழுகைக்கூடத்தையும் பார்க்கலாம். அங்கும் இதே ராசி வட்டமும் சூரியனும் உண்டு. ஆயினும் கோடுகள் கிராமியச் சாயலுடன் இருக்கும், பருவங்களைக் குறிக்கும் பெண்ணுருவங்கள் தத்தம் ராசிகளுக்கு நேராக அமையாமல் இடம் மாறியிருக்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் ஹமாத்தையே தேர்ந்தெடுங்கள்.