சிலிண்டரா, வாலிஸ்நேரியாவா?

என் மீன் தொட்டியில் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு ஊட்டும் கேஸ் சிலிண்டர் இப்போது கிடையாது. இரண்டு வருடம் வைத்திருந்து கழற்றிவிட்டேன். அதன் இடத்தில் வாலிஸ்நேரியா, எஜீரியா என்ற நீரில் மூழ்கி வளரும் செடிகளை நட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பிரச்சினை, செடி வளரத் தேவையான கார்பன்தான். திறந்து வைத்த தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்புறம் என்ன குறை? வேகம். அந்த வாயு தண்ணீருக்குள் பரவுவது காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவு. இலையை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் உள்ளதை இலை உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அடுத்தது ஊர்ந்து வந்து சேரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். தாமரையும் அல்லியும் இலையை மேலே மிதக்கவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. மூழ்கியே வாழும் செடிக்கு அந்த வழி இல்லை.

சிலிண்டர் இந்தப் பற்றாக்குறையை முரட்டுத்தனமாகத் தீர்க்கிறது. 0.6 இருக்கும் இடத்தில் 30 மில்லிகிராம்வரை ஏற்றிவிடுகிறது. செடி எகிறும், சிவப்பு இலைகள் நிறம் கட்டும், மாலையில் இலை நுனியில் ஆக்சிஜன் முத்து முத்தாக நிற்கும். அழகில் இதற்குப் போட்டியே இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு, புளிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடைத் தொட்டிக்குள் விடும் பாட்டில் சிலிண்டரின் ஏழைத் தம்பி. முதல் வாரம் பொங்கும், அப்புறம் சோர்ந்துவிடும். 'திரவக் கார்பன்' என்று விற்கும் சரக்கில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு, அதாவது மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் அதே பொருள். பாசியை அடக்கும், சரி. ஆனால் வாலிஸ்நேரியாவையும் கரைத்துவிடும் என்பதால் எனக்கு உதவாது.

இனி என் கட்சி. பள்ளியில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியைப் புனலுக்குள் வைத்து, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்துக் குமிழ் எண்ணியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டதும் குமிழ் வேகமெடுக்கும். ஹைட்ரில்லா, எஜீரியா, வாலிஸ்நேரியா மூன்றுக்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுக்கத் தெரியும். பி.எச். (அமில-கார அளவு) 8 உள்ள தண்ணீரில், கரைந்த கார்பனில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் கார்பன் டை ஆக்சைடாக இருக்கும். மீதி ஏறக்குறைய முழுவதும் பைகார்பனேட். கடினநீரில் அது லிட்டருக்கு 150, 200 மில்லிகிராம் இருப்பது சர்வசாதாரணம். இவ்வளவு சாப்பாடு தொட்டியிலேயே கிடக்க, நான் சிலிண்டர் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

எஜீரியா இதைச் செய்யும் விதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலையின் அடிப்பக்கத்தில் அமிலத்தைச் சுரந்து பைகார்பனேட்டை வாயுவாக மாற்றி உள்ளே இழுக்கிறது. அதற்கு ஈடாக மேல்பக்கம் காரமாகி, அங்கே சுண்ணாம்பு படிகிறது. முதிர்ந்த இலை ஒன்றைத் தடவிப் பார்த்தேன், மணல் ஒட்டியதுபோல் சொரசொரத்தது. நகத்தால் சுரண்டி எடுத்த வெள்ளைத் தூளில் ஒரு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தது.

ஆனால் என்னை மாற்றியது இந்த வேதியியல் அல்ல, பராமரிப்பு. சிலிண்டர் என்றால் ரெகுலேட்டர், சோலினாய்டு வால்வு, டைமர், டிஃப்பியூசர். இதில் எது சொதப்பினாலும் தொட்டி தாங்காது. ஒருநாள் இரவு வால்வு மூடாமல் நின்றுவிட்டது. காலையில் மீன்கள் அத்தனையும் நீர்மட்டத்தில் வாய் பிளந்துகொண்டிருந்தன. கேஸ் தீர்ந்துபோவது இன்னொரு தலைவலி. வாயு தாராளமாகக் கிடைக்கும்வரை, பைகார்பனேட் எடுக்கத் தெரிந்த செடிகூட அந்த வேலையைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென வரத்து நின்றால் மறுபடி பழைய வழிக்குத் திரும்ப அதற்கு நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் பாசி புகுந்துவிடும். எனக்கு இரண்டு முறை புகுந்தது. வளர்ச்சி வேகத்துக்குத் தக்கபடி வாராவாரம் கத்தரிப்பதும் உரம் அளப்பதும் தனி. இப்போது பத்து நாள் வெளியூர் போனாலும் தொட்டியைப் பற்றிய நினைப்பே வருவதில்லை.

குறையும் உண்டு. பைகார்பனேட்டைப் பிரித்தெடுக்கச் செடி ஆற்றல் செலவழிக்க வேண்டும், அதனால் கேஸ் தொட்டியின் வேகம் வராது. தரையில் கம்பளமாகப் படரும் குட்டிச் செடிகளும் செக்கச் சிவந்த இலைகளும்தான் வேண்டும் என்பவர்கள் சிலிண்டரே வாங்குங்கள். என் அனுபவம் முழுவதும் கடினநீரில்தான். பைகார்பனேட் குறைந்த மென்னீரில் நான் வளர்த்துப் பார்த்ததில்லை, அங்கே என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, இவை நல்ல அண்டைவீட்டார் அல்ல. வெளிச்சம் ஏற ஏறக் கார்பனை உறிஞ்சி, மாலைக்குள் பி.எச்.சை உயர்த்திவிடுகின்றன. அந்த நிலையில் வாயுவை மட்டுமே நம்பியிருக்கும் செடிக்கு ஒன்றும் மிஞ்சாது. பக்கத்தில் வைத்த, அப்படிப்பட்ட கபோம்பா என்ற செடி ஒரே மாதத்தில் மெலிந்து, அடித்தண்டு மொட்டையாகி நின்றது. அதைப் பிடுங்கிய இடத்தையும் வாலிஸ்நேரியா ஓடுதண்டு விட்டுப் பிடித்துக்கொண்டது.