நுரை ஜாக்கெட்டா, கேஸ் ஜாக்கெட்டா?

சனிக்கிழமை விடியலில் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஊத்தான் மெலிந்தாங் ஆற்றுத் துறைக்குப் போனால், செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்த இளைஞர்கள் தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாகப் படகேறுவதைப் பார்க்கலாம். பெர்னாம் ஆற்றில் பெரிய இறால் பிடிக்கப் போகிறார்கள். அலை குறைந்திருந்தால் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கும் போவார்கள். படகில் உயிர்காப்பு ஜாக்கெட் உண்டு, ஆனால் நங்கூரக் கயிற்றுக்கு அடியில் கிடக்கும். என் மச்சானும் அப்படித்தான் வைத்திருந்தார். “வேர்த்துக் கொட்டுகிறது, தூண்டில் வீச முடியவில்லை” என்பார். போன வருடம் மெல்லிய கேஸ் ஜாக்கெட் ஒன்றை வாங்கிக் காட்டி, இனி நுரை ஜாக்கெட்டே வேண்டாம் என்றார். அந்தப் பேச்சிலிருந்துதான் இந்த ஒப்பீடு தொடங்கியது.

மச்சான் சொன்னதில் பாதி உண்மை. கேஸ் ஜாக்கெட் கழுத்தைச் சுற்றிய பட்டைபோல இருக்கும், வெயிலில் உறுத்தாது. தண்ணீரில் விழுந்ததும் தானாகவோ, கயிற்றை இழுத்தாலோ, சிறு உருளையிலுள்ள கரியமில வாயு பையை ஊதிவிடும். வழக்கமான 33 கிராம் உருளை தரும் மிதப்பு 150 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 15 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் அளவு. மயங்கி விழுந்தவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பிப் போடத் திறந்த கடலில் இந்த அளவு வேண்டும். நுரையிலேயே இதே மிதப்பு வேண்டுமென்றால் நெஞ்சில் தலையணை கட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

மீதிப் பாதி உருளைக்குள் இருக்கிறது. ஆறே மாதத்தில் அந்த ஜாக்கெட்டைச் சமையலறை மேசையில் பிரித்துப் பார்த்தோம். உருளையின் கழுத்தில் துரு படிந்திருந்தது. தண்ணீர் பட்டதும் கரைந்து, உருளையைத் துளைக்கும் ஊசியை விடுவிக்கும் மாத்திரை, படகு அறையின் ஈரத்திலேயே பொடியத் தொடங்கியிருந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த ஜாக்கெட்டை மடித்து வைத்தால், ஆளில்லாத நேரத்தில் அது தானாக ஊதிக்கொள்ளக்கூடும். ஒருமுறை ஊதிவிட்டால் உருளையையும் மாத்திரையையும் மாற்றும்வரை அது வெறும் துணிப்பட்டைதான்.

நுரை ஜாக்கெட்டில் இந்த ஊசலாட்டம் இல்லை. யார் போட்டாலும், எப்போது விழுந்தாலும் மிதக்கும். நீந்தத் தெரியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் நான் வேறெதையும் கொடுக்க மாட்டேன். பயத்தில் கையைக் காலை உதறுகிற ஒருவர் இழுகயிற்றைத் தேடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கடையில் தொங்கும் எல்லா நுரை ஜாக்கெட்டும் ஒன்றல்ல. உட்புறச் சீட்டைப் படியுங்கள். 50 நியூட்டன் என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கான துணைதான், மயங்கியவரைத் திருப்பிப் போடாது. ஆற்றுக்குக் குறைந்தது 100 பாருங்கள். நுரையும் சாகாவரம் பெற்றதல்ல. அதன்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து நசுக்கினால் மிதப்பு குறையும். வெயிலில் வெளுத்த துணியை நகத்தால் கீறும்போது நூல் பொடியாக உதிர்ந்தால் தூக்கி எறியுங்கள். போட்டதும் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு பெரிது.

“விழுந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலாக்கா நீரிணையைக் கடந்துவரும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் அடிக்கும். நாம் படகெடுக்கும் நேரமும் அதுவேதான். கவிழ்ந்த படகுக்கு அடியில் சிக்கிய ஜாக்கெட்டை அந்த அலையில் யாராலும் எடுத்து மாட்ட முடியாது.

படகின் உரிமத்தை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு மீன் பிடிக்கும் படகு மீன்வளத் துறையிடமும், பொழுதுபோக்குப் படகு கடல்துறையிடமும் உரிமம் பெற வேண்டும். பழைய படகை மலிவாக வாங்குகிறவர்கள் அதன்மேல் எழுதியிருக்கும் பதிவு எண்ணை அழியவிடாதீர்கள். ஆபத்தில் கரையிலிருப்பவர் 999-ஐ அழைத்துப் படகின் எண், நிறம், ஆட்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடிந்தால், தேடி வருபவர்களுக்கு எந்தப் படகைத் தேடுவது என்று தெரியும்.

ஆகவே என் தேர்வு இது. ஆற்றுக்கும் கரையோரத்துக்கும், விருந்தாளிகள் ஏறும் படகுக்கும் நுரை. விலையும் குறைவு, பராமரிப்பும் குறைவு. முகத்துவாரம் தாண்டி செம்பிலான் தீவுகள் பக்கம் போகிற, நன்றாக நீந்தத் தெரிந்த, மாதாமாதம் பிரித்துப் பார்க்கப் பொறுமையுள்ள ஆளுக்குக் கேஸ்.

மச்சான் கேஸ் ஜாக்கெட்டைக் கைவிடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அக்காவின் சமையல் தராசில் உருளையை வைத்து, அதன்மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒரு கிராம் குறைந்தாலும் அன்று நுரை ஜாக்கெட்டைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.