எண்ணெய், கேஸ் கிணறு துளை போடற ரிக் வேலை: ஓஎன்ஜிசி, சவூதி, அபுதாபி, நார்வே... சம்பளத்த விட்டுட்டு ஆஃப் நாளப் பாருங்க

நான் அபுதாபி எடுத்தவன், அதனால இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முன்னாடியே சொல்லிடறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்ச தம்பிங்க எல்லாரும் கேக்கறது "அண்ணே, ரிக்குல எந்த நாட்டுல சம்பளம் ஜாஸ்தி?"னுதான். வருஷ முடிவுல கையில நிக்கறது எவ்வளவுன்னு யாரும் கேக்கறதில்ல.

நம்ம ஊர்லேர்ந்தே ஆரம்பிப்போம். டிப்ளமோவோட நிக்காம இன்ஜினியரிங் டிகிரியும் முடிச்சு, கேட் பரீட்சை ஸ்கோர் நல்லா இருந்தா ஓஎன்ஜிசிக்குப் போங்க, ரெண்டாவது யோசனையே வேணாம். ஆரம்ப ஆபீசர் நிலையான ஈ1 கிரேடுல பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 60,000லேர்ந்து 1,80,000 வரைக்கும் ஸ்கேல், அதுக்கு மேல டிஏ, மெடிக்கல் எல்லாம் இருக்கு. காரைக்கால்ல காவேரி அசெட்ங்கற ஓஎன்ஜிசி யூனிட், ராமநாதபுரத்துல கேஸ் கிணறு, அதிர்ஷ்டம் இருந்தா வீட்டுப் பக்கத்துலயே போஸ்டிங், இல்லன்னா அஸ்ஸாம். ஆனா 2020 வேளாண் மண்டலச் சட்டத்துக்கு அப்புறம் டெல்டாவுல புதுசா துளை போடறது நின்னு போச்சு, அதனால சொந்த ஊர்ப் பக்கமே காலம் பூரா இருக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. காண்ட்ராக்டர் ரிக்குல கூலிக்கு நிக்கறது வேற கத, அத இதோட சேக்காதீங்க.

நார்வே, கனடா ரெண்டும் கூட வேலை பாத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நார்வே கடல் ரிக்குல ரெண்டு வாரம் வேலை, நாலு வாரம் வீடு, சராசரி போட்டா வாரத்துக்கு 33.6 மணி நேரம், கேக்கறப்பவே வயிறு எரியுது. ஆனா நார்வீஜியன் பேசத் தெரியாம ரிக் ஃப்ளோருக்கு, அதாவது துளை போடற மேடைக்கு, நம்மள எடுக்கறது ரொம்ப அபூர்வம். கனடாவுல குளிர்ல தரை உறைஞ்சு கெட்டியா இருக்கறப்பதான் வேலை மும்முரம், வசந்தம் வந்து ரோடு சேறானா ரிக்கு அப்படியே நிக்கும், அந்த மாசங்கள்ல பாக்கெட்டும் காலி. அமெரிக்காவுல ஃப்ளோர்மேன் (அந்த மேடைல நிக்கற தொழிலாளி) வேலைக்கு விசா கெடைக்கும்னு ஏஜெண்ட் சொன்னா சிரிச்சிட்டு எந்திரிச்சு வந்துடுங்க.

இனி வளைகுடா. சவூதி, குவைத், எமிரேட்ஸ் மூணுலயும் சம்பளத்துக்கு வருமான வரி கெடையாது. ஓமன்ல 2028லேர்ந்து வருது, அதுவும் வருஷத்துக்கு 42,000 ரியாலுக்கு மேல போனாத்தான் 5 சதவீதம், நம்ம ஆளுங்க எவரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டோம். சவூதில வேலை நிறைய, ஆனா 2024ல உற்பத்தித் திறன ஏத்தற திட்டத்தையே நிறுத்தச் சொன்னப்போ கடல்ல கால் ஊனி நிக்கற ஜாக்அப் ரிக்குங்கள டஜன் கணக்குல நிறுத்தி வச்சாங்க. ரிக்கு நின்னா நம்ம கதி என்னங்கறதுதான் நான் பாக்கற மெயின் விஷயம்.

ரெண்டு ஆஃபர் கையில இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு மாசம் 2,000 டாலர், வீட்ல இருக்கற மாசமும் வரும். இன்னொண்ணு டே ரேட், ரிக்குல நிக்கற ஒவ்வொரு நாளுக்கு மட்டும் 120 டாலர். பயலுக உடனே 120ஐ 30ஆல பெருக்கி 3,600னு வீட்ல சொல்லிடுவாங்க, பொண்ணு பாக்கற எடம் வரைக்கும் அது போயிரும். ஆனா 28/28 ரொட்டேஷன்ல, அதாவது 28 நாள் வேலை 28 நாள் வீடுங்கறதுல, வருஷத்துக்கு ரிக்குல நிக்கறது 182 நாள்தான். 182ஐ 120ஆல பெருக்குங்க, 21,840. மாசச் சம்பளக்காரனுக்கு 24,000. ரிக்கு ஸ்டாக் ஆச்சுன்னா, அதாவது வேலையில்லாம நிறுத்தி வச்சுட்டா, டே ரேட்காரனுக்கு அந்தக் கொஞ்சமும் இல்ல. 2014 நடுவுல 110 டாலருக்கு மேல வித்த கச்சா எண்ணெய் பேரல் 2016 ஜனவரில 30க்குக் கீழ போனப்போ மொதல்ல வீட்டுக்குப் போனது இவங்கதான்.

அடுத்தது பேசிக். எமிரேட்ஸ்ல வேலைய விட்டுப் போறப்ப வர்ற கிராச்சுவிட்டி மொத்தச் சம்பளத்துக்கு இல்ல, பேசிக்குக்கு மட்டும், மொத அஞ்சு வருஷம் வருஷத்துக்கு 21 நாள் கணக்கு. பேசிக் 600 போட்டு மீதிய ஃபீல்டு அலவன்ஸ்ல தள்ளுனா அஞ்சு வருஷத்துக்கு 2,100 டாலர்தான், அதே மொத்தச் சம்பளத்துல பேசிக் 1,200னா 4,200. நான் அபுதாபி எடுத்ததுக்குக் காரணமே இதுதான், பேசிக் பெருசு, ஆஃப்லயும் முழுச் சம்பளம், பாக்க சவூதி ஆஃபர விடக் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. திருச்சிலேர்ந்து நேரா ஃப்ளைட்டு இருக்கறது கூடுதல் சௌகரியம்.

வேலை என்னவோ எங்கயும் அதே வேலைதான். ஆறுக்கு ஆறு ஷிஃப்ட், ஜூலைல ஹேண்ட்ரெயில்ல கைய வச்சா கிளவுஸ் தாண்டிச் சுடும். ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12:30லேர்ந்து 3 மணி வரை வெயில்ல வேலை கூடாதுன்னு எமிரேட்ஸ்ல சட்டம் இருக்கு, ஆனா நிறுத்த முடியாத வேலைக்கு விலக்கு உண்டு, கிணறு என்ன மதியம் தூங்கவா போகுது.

28/28ல ஒரு வில்லங்கமும் இருக்கு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. ஏப்ரல்லேர்ந்து மார்ச்சுக்குள்ள இந்தியாவுல 182 நாள் தொட்டா நீங்க ரெசிடெண்ட், அங்க சம்பாரிச்சதுக்கும் இங்க வரி. கணக்கப் பாருங்க, பாதி வருஷம் வீட்லதான் இருக்கோம், வர்ற நாளும் போற நாளும் சேந்தா சுலபமா தாண்டிரும். அதான் பிப்ரவரி வந்தா ரிக் ஆளுங்க திடீர்னு குடும்பத்தோட கொழும்புக்கு டூர் கெளம்பறது. எங்க வீட்டு ஆச்சிக்கு இன்னும் இது பக்தி யாத்திரைன்னே நெனப்பு, கதிர்காமம் போறோம்னு சொல்லி வச்சிருக்கோம்.

மேல ஏறுறதப் பத்தியும் சொல்லணும். ஃப்ளோர்மேன்லேர்ந்து டெரிக்மேன் (ரிக் கோபுரத்து மேல நிக்கறவர்) வரைக்கும் உழைப்பு போதும், அசிஸ்டண்ட் டிரில்லர்லேர்ந்து கிணத்து அழுத்தத்தக் கட்டுப்படுத்தத் தெரியும்னு கொடுக்கற ஐடபிள்யூசிஎஃப் வெல் கண்ட்ரோல் சர்டிஃபிகேட் இல்லாம பேச்சே கெடையாது, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், அந்தச் செலவு யாரு கொடுக்கறதுன்னு மொதல்லயே கேளுங்க. வளைகுடாவுல எல்லா நாட்டுலயும் உள்ளூர் ஆளுக்கு மொத எடம்ங்கற கொள்கை இருக்கு, அதனால டிரில்லர், டூல்புஷர் (ரிக்கு மேற்பார்வையாளர்) சீட்டு நமக்கு வருஷா வருஷம் இறுகிட்டே வருது. இந்த ஒரு விஷயத்துல ஓஎன்ஜிசிதான் மேல, அத நானே ஒத்துக்கறேன்.

ஏஜெண்ட் ஃபீஸுக்கு அரசாங்கம் வச்ச உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். லட்சக்கணக்குல கேட்டா லைசென்ஸ் நம்பர அரசாங்கத்தோட ஈமைக்ரேட் தளத்துல போட்டுப் பாருங்க. ஆஃபர் லெட்டர்ல ஆஃப் சம்பளம், ரிக் ஸ்டாக் ஆனா என்ன சம்பளம், பேசிக் எவ்வளவு, இந்த மூணும் எழுத்துல இல்லன்னா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மெயில்ல கேட்டு வாங்கிடுங்க, ஃபோன்ல "பாத்துக்கலாம் தம்பி"ங்கறத நம்பி மெடிக்கலுக்குப் பணம் கட்டிராதீங்க.